கார்பன் ஃபிரேமில் ஏதோ ஆடுகிறது: எங்கே பார்ப்பது, எப்படிச் சரிசெய்வது

சைக்கிளின் கார்பன் ஃபிரேம் என்று சொல்கிறோமே தவிர, அது முழுக்கக் கார்பன் அல்ல. திருகு ஏற வேண்டிய இடம், பேரிங் உட்கார வேண்டிய இடம், அச்சு இறுக வேண்டிய இடம் எல்லாவற்றிலும் பெரும்பாலும் உலோகம் இருக்கும். கார்பன் இழையில் நேரடியாக மரை வெட்டினால் அது நிற்காது, உதிர்ந்துவிடும். அதனால் பாட்டில் தாங்கிக்கு ரிவெட் நட் (துளையில் நசுக்கிப் பொருத்தும் மரைக் குழல்), கேபிளுக்கு ஒரு நிறுத்தி, முன் டிரெய்லருக்கு (செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் கருவி, derailleur) ஒரு தாங்கு தகடு, பாட்டம் பிராக்கெட்டுக்கு (பெடல்களின் அச்சு சுழலும் இடம்) ஓர் அலுமினியக் குழல் என்று சிறு சிறு உலோகத் துண்டுகளை ரிவெட் அடித்தோ எபாக்ஸி பசையால் ஒட்டியோ பொருத்துகிறார்கள். ஆட்டம் கொடுப்பது பெரும்பாலும் இந்தத் துண்டுகள்தான்.

ஏதாவது ஆடினால் காரணம் நான்கில் ஒன்றாக இருக்கும். போல்ட் தன் மரையில் தளர்ந்திருக்கலாம். உலோகத் துண்டு தன் துளையில் தளர்ந்திருக்கலாம். பசை விட்டிருக்கலாம். அல்லது சுற்றியுள்ள கார்பனே விரிந்திருக்கலாம். முதலாவது ஒரு நிமிட வேலை. அடுத்த இரண்டும் பொறுமை இருந்தால் பெரும்பாலும் வீட்டிலேயே முடியும். நான்காவது கார்பன் பழுது பார்ப்பவரிடம் போக வேண்டியது. நான்கையும் முதலாவதாக நினைத்து ஆலன் கீயை எடுத்து முறுக்குகிறவர்கள்தான் சிறு பழுதைப் பெரும் பழுதாக்குகிறார்கள். ஏற்கெனவே தளர்ந்த ரிவெட் நட்டை மேலும் முறுக்கினால் அது துளைக்குள் சுழன்று துளையின் ஓரத்தைத் தேய்க்கும். இறுகவே இறுகாது.

எது ஆடுகிறது என்று கண்டுபிடிப்பது

கண்ணை நம்ப வேண்டாம். நகம் மேலானது. உலோகத் துண்டின் விளிம்பும் ஃபிரேமின் பெயிண்டும் சந்திக்கும் கோட்டின் மேல் கட்டைவிரல் நகத்தைக் குறுக்கே வைத்துக்கொண்டு, மற்றொரு கையால் தாங்கியையோ கிராங்க்கையோ (பெடல் பூட்டிய கை) அசையுங்கள். கால் மில்லிமீட்டர் அசைவுகூட நகத்தில் தட்டும். அசைவு சிறியதாக இருந்து சந்தேகம் தீரவில்லை என்றால், திருகின் தலையிலிருந்து உலோக விளிம்பின் வழியாக பெயிண்ட் வரை மெல்லிய மார்க்கரால் ஒரே நேர்கோடு இழுத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். திருகுக்கும் விளிம்புக்கும் இடையில் கோடு முறிந்திருந்தால் போல்ட் தளர்கிறது. விளிம்புக்கும் பெயிண்டுக்கும் இடையில் முறிந்திருந்தால் துண்டே சுழல்கிறது.

அடுத்து பெயிண்ட். விளிம்பைச் சுற்றி வட்டமாக ஒரு விரிசல் தெரிந்தால் பதற வேண்டியதில்லை. உலோகமும் கார்பனும் வேறு வேறு அளவில் நெளிவதால் இடையில் இருக்கும் பெயிண்ட் வெடிப்பது சாதாரணம். ஆனால் விளிம்பிலிருந்து கிளம்பி வெளிநோக்கி ஓடும் விரிசல் வேறு சமாச்சாரம். அந்த இடத்தை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டு உலர்வதைக் கவனியுங்கள். சுற்றுப்புறம் உலர்ந்த பிறகும் விரிசலில் மட்டும் கறுத்த ஈரக்கோடு தங்கினால் அது ஆழமானது. பிறகு ஒரு நாணயத்தால் அந்தப் பகுதியை மெல்லத் தட்டிக்கொண்டே நகருங்கள். நல்ல கார்பன் கூர்மையாக ஒலிக்கும். உள்ளே அடுக்குகள் பிரிந்திருந்தால் ஒலி சட்டென மழுங்கும். ஃபிரேமின் மறுபக்கத்தில் அதே இடத்தைத் தட்டி ஒப்பிட்டால்தான் இந்தச் சோதனைக்கு அர்த்தம், ஏனென்றால் சுவரின் கனம் மாறும் இடங்களிலும் ஒலி மாறும். விரிசல் வெளிநோக்கி ஓடுகிறது, ஒலியும் மழுங்குகிறது என்றால் இங்கேயே நிறுத்திக்கொண்டு கடைசிப் பகுதிக்குப் போய்விடுங்கள்.

அறிகுறி: திருகு இறுகித்தான் இருக்கிறது, பாட்டில் தாங்கி மட்டும் ஆடுகிறது

முதலில் திருகைக் கழற்றி அதன் நீளத்தைப் பாருங்கள். உள்முனை மூடிய ரிவெட் நட்டில் நீளமான திருகு போட்டால், தாங்கியைப் பிடிக்கும் முன்பே அது அடியில் முட்டி நின்றுவிடும். இறுகியதுபோலத் தோன்றும். இருக்கைக் குழாயில் இன்னொரு வம்பும் உண்டு: நீளமான திருகின் நுனி உள்ளே இறங்கியிருக்கும் சீட் போஸ்ட்டில் உரசும். அந்தப் போஸ்ட்டும் கார்பன் என்றால் திருகு அதில் குழி பறித்துக்கொண்டிருக்கும்.

நீளம் சரி என்றால் ரிவெட் நட்தான் தளர்ந்திருக்கிறது. அது எப்படிப் பிடித்துக்கொள்கிறது என்று தெரிந்தால் பழுது பார்ப்பது எளிது. எம்5 ரிவெட் நட் என்பது விளிம்பு வைத்த சிறு அலுமினியக் குழல், பொதுவாக 7 மி.மீ. துளையில் நுழையும். மரை அதன் ஆழமான முனையில் மட்டுமே இருக்கும். அந்த முனையை வெளிப்பக்கமாக இழுக்கும்போது நடுப்பகுதி நசுங்கி ஃபிரேமின் சுவருக்குப் பின்னால் புடைத்துக்கொள்ளும். விளிம்பு முன்னால், புடைப்பு பின்னால், இடையில் மெல்லிய கார்பன் சுவர். முழு பாட்டில் முக்கால் கிலோவுக்கு மேல் கனக்கும். மேடு பள்ளத்தில் அது நெம்ப நெம்ப இந்தப் பிடி தளர்கிறது. எனவே மீண்டும் இழுத்துப் புடைக்க வைப்பதுதான் வைத்தியம்.

ரிவெட் நட் கருவி இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் 30 மி.மீ. நீளமுள்ள ஒரு எம்5 போல்ட், ஒரு எம்6 நட், ஒரு பல் வாஷர், ஒரு சாதா வாஷர் போதும். எம்6 நட்டின் உள்மரையை 5.5 மி.மீ. பிட்டால் துளைத்து அழித்துவிடுங்கள். அதற்குப் பிறகு அது நட் அல்ல, ஸ்பேனரால் பிடிக்கக்கூடிய ஒரு வளையம். போல்ட்டில் முதலில் சாதா வாஷர், அதன் இரு முகத்திலும் கிரீஸ், பிறகு அந்த வளையம், கடைசியில் பல் வாஷர். மரையிலும் கிரீஸ் தடவி, இதை ரிவெட் நட்டில் கையால் முழுதாக ஏற்றுங்கள். வளையத்தை 10 மி.மீ. ஸ்பேனரால் அசையாமல் பிடித்துக்கொண்டு, போல்ட்டை 4 மி.மீ. ஆலன் கீயால் கால் சுற்று கால் சுற்றாகத் திருப்புங்கள். பல் வாஷர் விளிம்பைக் கவ்விப் பிடிப்பதால் ரிவெட் நட் கூடச் சுழலாது. போல்ட்டின் இழுப்பு மட்டும் உள்முனைக்குப் போகும்.

எப்போது நிறுத்துவது? ஒவ்வொரு கால் சுற்றுக்குப் பிறகும் போல்ட்டைச் சற்றுத் தளர்த்திவிட்டு விளிம்பை நகத்தால் தள்ளிப் பாருங்கள். அசையவில்லை என்றால் முடிந்தது. இன்னும் கொஞ்சம் இருக்கட்டும் என்கிற ஆசை வேண்டாம். நொறுக் என்று ஒரு சிறு சத்தம் கேட்டால் அது உலோகம் நசுங்கும் சத்தம் அல்ல, கார்பன் நசுங்கும் சத்தம்.

இழுப்பதற்கு முன், விளிம்புக்கு அடியில் இடைவெளி தெரிந்தால் ஊசி முனையால் எபாக்ஸி விட்டுக்கொள்ளலாம். நான் எப்போதும் விடுவேன். இறுக்கத்தை உலோகமும் சுழற்சியைப் பசையும் பார்த்துக்கொள்ளும். போல்ட்டின் மரையில் கிரீஸ் இருப்பது அப்போது இரட்டிப்பு அவசியம், இல்லாவிட்டால் போல்ட்டும் சேர்ந்து ஒட்டிக்கொள்ளும்.

அறிகுறி: திருகு சுழன்றுகொண்டே இருக்கிறது, உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை

இது முந்தையதன் முற்றிய நிலை. வியர்வையும் உப்புக் கலந்த பானமும் வடிந்து வடிந்து ஸ்டெயின்லெஸ் திருகும் அலுமினிய மரையும் ஒன்றாகப் பூட்டிக்கொண்டுவிட்டன. ரிவெட் நட்டும் துளையில் தளர்ந்துவிட்டது. இரண்டும் ஒன்றாகச் சுழல்கின்றன.

தாங்கிக்கும் ஃபிரேமுக்கும் நடுவில் தட்டையான மெல்லிய பிளாஸ்டிக் நெம்பியை நுழைத்து, திருகை வெளிப்பக்கமாக இழுத்தபடியே திருப்பிப் பாருங்கள். அந்த இழுப்பில் உள்ளே இருக்கும் புடைப்பு சுவரின் பின்பக்கத்தில் அழுந்திச் சில நேரம் போதுமான பிடி கிடைத்துவிடும். கிடைக்காவிட்டால் தாங்கியைத் தியாகம் செய்யுங்கள். வெட்டி எடுத்துவிட்டால் விளிம்பு வெளியே தெரியும். அதன் இரு எதிர்ப்பக்கங்களிலும் சிறு அரத்தால் தட்டையாக்கி, பூட்டுப் பிளையரால் பிடித்துக்கொண்டு திருகைக் கழற்றலாம். அரம் பெயிண்ட்டில் படாதிருக்கச் சுற்றிலும் இரண்டு மூன்று அடுக்கு டேப் ஒட்டிக்கொள்ளுங்கள்.

அதுவும் பலிக்காவிட்டால் துளைக்க வேண்டியதுதான். இங்கே ஒரே ஒரு ஆபத்து: சூடு. டிரில் பிட்டோடு ரிவெட் நட்டும் சேர்ந்து சுழன்றால், அது உரசும் கார்பனின் பிசின் சூட்டில் இளகும். அதனால் விளிம்பைப் பிளையர் பிடித்திருக்க வேண்டும். வேகம் குறைவாக, சில விநாடிகளுக்கு ஒருமுறை நிறுத்தி, விளிம்பை விரலால் தொட்டுப் பார்த்து. விரல் வைக்க முடியாத சூடு என்றால் ஆறவிடுங்கள். முதலில் திருகின் தலை, பிறகு விளிம்பு. பிட்டின் அளவு ஃபிரேமின் துளையைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது. விளிம்பு தனியாகக் கழன்று பிட்டில் வளையமாக ஏறிக்கொள்ளும் கணத்தில் நிறுத்திவிட வேண்டும். மீதித் துண்டை மெல்ல உள்ளே தள்ளிவிடலாம்.

உள்ளே விழுந்ததை எடுக்கக் காந்தம் உதவாது, அலுமினியம் ஒட்டாது. சீட் போஸ்ட்டைக் கழற்றியோ பாட்டம் பிராக்கெட் வழியாகவோ கம்பி நுனியில் இரட்டைப் பக்க டேப் சுற்றி எடுக்கலாம். ஃபிரேமைக் கவிழ்த்துக் குலுக்கினாலே பல நேரம் வந்துவிடும். துளைத்த துகள்களையும் அப்போதே வெளியேற்றுங்கள். ஊதித் தள்ளாமல் வாக்குவம் கிளீனரால் உறிஞ்சுங்கள். கார்பன் தூள் நுரையீரலுக்கும் தோலுக்கும் ஆகாது. என்95 முகக்கவசம், நைட்ரைல் கையுறை, தேய்ப்பதென்றால் ஈரமாகத் தேய்ப்பது. இதில் சமரசம் வேண்டாம்.

புது ரிவெட் நட்டை எபாக்ஸி தடவி அதே துளையில் இழுத்துப் பொருத்துங்கள். துளை முட்டை வடிவமாகித் தேய்ந்திருந்தால் அகன்ற விளிம்புள்ள ரிவெட் நட் கிடைக்கிறது. அடுத்த அளவுக்குத் துளையைப் பெரிதாக்கலாமே என்று தோன்றும். பெரிதாக்கும் ஒவ்வொரு மில்லிமீட்டரும் குழாயின் இழைகளை வெட்டுகிறது. செய்யாதீர்கள்.

அறிகுறி: விளிம்பைச் சுற்றி பெயிண்ட் கொப்பளிக்கிறது, வெள்ளைத் தூள் தெரிகிறது

கார்பன் மின்சாரம் கடத்தும். அலுமினியத்தைக் கார்பனோடு நேரடியாகத் தொடவிட்டு நடுவில் உப்புநீர் சேர்ந்தால் ஒரு சிறு மின்கலம் உருவாகிறது. அதில் தின்னப்படுவது அலுமினியம். வெள்ளைத் தூள் அதன் ஆக்சைடு. அது உலோகத்தைவிட அதிக இடம் கேட்பதால் பசையையும் பெயிண்ட்டையும் தள்ளிக்கொண்டு வெளியே வருகிறது. நல்ல தயாரிப்பாளர்கள் இடையில் ஒரு மெல்லிய கண்ணாடி இழை அடுக்கு வைப்பதே இதைத் தடுக்கத்தான்.

பாட்டில் தாங்கியின் ரிவெட் நட் என்றால் துளைத்து எடுத்து, துளையின் ஓரத்தை எபாக்ஸியால் பூசி உலரவிட்டு, புதியதைப் போடலாம். பாட்டம் பிராக்கெட் குழலிலோ பின்சக்கர டிராப்அவுட்டிலோ (சக்கர அச்சு உட்காரும் ஃபிரேம் முனை) கொப்பளம் தெரிந்தால் பெயிண்ட் டச்சப் செய்து மறைக்கப் பார்க்க வேண்டாம். பெயிண்ட் நீக்கும் ரசாயனத்தை அந்தப் பக்கமே கொண்டுபோகக் கூடாது. அதற்குப் பெயிண்ட்டுக்கும் பிசினுக்கும் வித்தியாசம் தெரியாது.

அறிகுறி: கேபிள் நிறுத்தி அல்லது முன் டிரெய்லர் தாங்கு தகடு ஆடுகிறது

இவை பெரும்பாலும் இரண்டு சாதாரண ரிவெட்டுகளில் நிற்பவை. ரிவெட்டின் தலையை மட்டும் துளைத்து நீக்கி, தகட்டை எடுத்துச் சுத்தம் செய்து, அடியில் எபாக்ஸி பூசி, அதே அளவு அலுமினிய ரிவெட்டால் மீண்டும் அடியுங்கள். வலுவாக இருக்கட்டும் என்று ஸ்டீல் ரிவெட் வாங்காதீர்கள். அது நசுங்கும் முன் கார்பனை நசுக்கிவிடும். தகட்டின் வளைவும் குழாயின் வளைவும் முழுமையாகப் பொருந்துகின்றனவா என்று பசையில்லாமல் ஒருமுறை வைத்துப் பாருங்கள். நடுவில் மட்டும் தொட்டு ஓரங்கள் தூக்கி நிற்கும் தகடு எத்தனை முறை ஒட்டினாலும் பிடுங்கிக்கொண்டு வரும்.

ஒட்டும் வேலை

பசையின் பெயரைவிடப் பரப்பின் சுத்தம்தான் முக்கியம். ஆனாலும் பசையில் இரண்டு வகையை ஒதுக்கிவிட வேண்டும். உடனடியாக ஒட்டும் சயனோ பசை அதிர்வில் நொறுங்கும். 5 நிமிட எபாக்ஸி வெயிலிலும் ஈரத்திலும் பலம் இழக்கும். கட்டமைப்புக்கு என்றே செய்யப்பட்ட, இறுகினாலும் சற்று நெகிழ்வு மிச்சம் வைக்கிற இருபாக எபாக்ஸி வேண்டும். 3எம் நிறுவனத்தின் டிபி420 இந்த வேலைக்குப் பலரும் எடுப்பது. 2:1 கலவை, சுமார் 20 நிமிடம் கையாளும் நேரம்.

பழைய பசையைச் சுரண்டி எடுங்கள். கார்பன் பக்கத்தை 320 எண் உப்புத்தாளால், பளபளப்பு போகும் அளவுக்கு மட்டும். கறுப்புத் தூள் வரத் தொடங்கினால் இழையைத் தொட்டுவிட்டீர்கள் என்று பொருள், நிறுத்துங்கள். அலுமினியப் பக்கத்தை 180 எண்ணால் நன்றாகவே தேய்க்கலாம். பிறகு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், சாயம் போகாத வெள்ளைத் துணி. துணியில் கறை வராத வரை புதுப்புது மூலையால் துடைத்துக்கொண்டிருங்கள். துடைத்த அலுமினியத்தின் மேல் சில சொட்டுத் தண்ணீர் விட்டால் அது ஒரே படலமாகப் பரவ வேண்டும். முத்து முத்தாகத் திரண்டால் எண்ணெய் இருக்கிறது, மறுபடியும் ஆரம்பம். சுத்தமான அலுமினியத்தில் காற்று பட்டவுடன் ஆக்சைடு படியத் தொடங்கும் என்பதால், நன்கு உலர்த்தியதும் தாமதிக்காமல் ஒட்டுங்கள். மதியம் தேய்த்துவிட்டு இரவு ஒட்டுவது வீண்.

இப்போது இடைவெளி. பசை முழுவதும் பிதுங்கி வெளியேறும் அளவுக்கு இறுக்கினால் ஒட்டுவதற்கு ஒன்றும் மிஞ்சாது. 0.1 முதல் 0.2 மி.மீ. வரை பசை தங்க வேண்டும். மெல்லிய கண்ணாடி இழைத் துணியை ஒரு அடுக்கு இடையில் வைத்தால் இடைவெளியும் கிடைக்கிறது, அலுமினியமும் கார்பனும் தொடாமலும் இருக்கின்றன. இரு பரப்பிலும் பூசி, வைத்து, லேசாகச் சுழற்றிக் காற்றை வெளியேற்றி, டேப்பால் கட்டிவிடுங்கள். பிதுங்கியதைப் பசை இறுகும் முன்பே துடைத்துவிட வேண்டும்.

கலந்த பசையில் கொஞ்சம் ஒரு அட்டையில் விட்டுவையுங்கள். ஃபிரேமில் இருப்பது இறுகிவிட்டதா என்று அதைத் தொட்டுத் தெரிந்துகொள்ளலாம். அறை வெப்பத்தில் 24 மணி நேரம் கை வைக்காதீர்கள். சூடேற்றினால் சீக்கிரம் ஆகும் என்பது உண்மைதான். ஆனால் ஹீட் கன்னோடு கார்பன் பக்கம் போகிறவருக்கு அந்த அவசரம் நல்லதல்ல.

பாட்டில் தாங்கித் திருகுகளை இறுக்கும்போது 2 முதல் 3 நியூட்டன் மீட்டர் போதும். முறுக்கு அளவி இல்லை என்றால் ஆலன் கீயின் குட்டைக் கையை இரண்டு விரலால் மட்டும் பிடித்து இறுக்குங்கள்.

அறிகுறி: மிதிக்கும்போது பாட்டம் பிராக்கெட்டில் கறக் கறக் என்கிறது

வெற்றுக் குழாய்கள் ஒலியைக் கடத்துவதில் கெட்டிக்காரர்கள். சத்தம் கேட்கிற இடமும் பழுதான இடமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. எழுந்து நின்று மிதித்தாலும் வருகிறதா? வராவிட்டால் சீட் போஸ்ட்டைப் பாருங்கள். மிதிக்காமல் ஹேண்டில்பாரை மட்டும் நெம்பினாலும் வருகிறதா? வந்தால் ஹெட்செட் (ஹேண்டில்பார் திரும்ப உதவும் முன்பக்கப் பேரிங்). பெடல், செயின்ரிங் போல்ட், சக்கர அச்சு இவற்றைக் கழற்றி, துடைத்து, கிரீஸ் இட்டு மாட்டிய பிறகும் சத்தம் நின்றபாடில்லை என்றால் மட்டும் பாட்டம் பிராக்கெட்டுக்கு வாருங்கள்.

மரை வகை பிஎஸ்ஏ பாட்டம் பிராக்கெட்டில் செயின் இருக்கும் பக்கத்துப் பேரிங் கிண்ணம் இடதுமரை. அதாவது கடிகாரம் சுழலும் திசையில் திருப்பினால்தான் கழலும். இது தெரியாமல் எதிர்த்திசையில் நீண்ட கைப்பிடி போட்டு முறுக்கினால், இறுகும் விசை முழுவதும் கார்பனுக்குள் ஒட்டியிருக்கும் அலுமினியக் குழலுக்குப் போகிறது. கிண்ணம் கழலாமல் குழலே சுழல்கிறது. நன்றாக இருந்த ஃபிரேமில் பசை விட்டுப்போவதற்கு இது ஒரு வழி. இத்தாலிய மரையில் இரண்டு பக்கமும் வலதுமரை. கிண்ணத்தின் முகத்திலேயே திசை பொறித்திருக்கும், படித்துவிட்டுத் திருப்புங்கள்.

குழல் விட்டுவிட்டதா என்று அறிய, அதன் ஓரத்திலும் கார்பன் ஓரத்திலுமாகக் குறி வைத்து, கிராங்க்கைப் பக்கவாட்டில் நெம்புங்கள். நகத்தில் அசைவு தெரிந்தால் விட்டுவிட்டது. வெளியிலிருந்து சிறு துளை போட்டு எபாக்ஸி ஊசி போடும் முறை ஒன்று உண்டு. சில மாதம் சத்தம் அடங்கும். உள்ளே பழைய பசையும் ஆக்சைடும் அப்படியே இருக்க, அதன் மேல் புதுப் பசை எதைப் பிடிக்கும்? குழலை வெளியே எடுத்து, சுத்தம் செய்து, நேராக நிற்கும்படி அச்சில் வைத்து ஒட்டுவதே சரியான வேலை. குழல் கோணினால் செயின் கோணும், பேரிங் தேயும். அச்சுச் சட்டம் வைத்திருப்பவரிடம் கொடுங்கள்.

அழுத்திப் பொருத்தும் வகையில் கதை வேறு. பிபி86 என்றால் 41 மி.மீ., பிஎஃப்30 என்றால் 46 மி.மீ. துளையில் கிண்ணங்கள் வெறும் இறுக்கத்தில் நிற்கின்றன. கழற்றி, துடைத்து, துளையின் விட்டத்தைப் பல திசைகளில் அளந்து பாருங்கள். துளை உண்மையிலேயே வட்டமாக இருந்தால் புதுக் கிண்ணம் போதும். கிண்ணத்தைப் பிடித்து நிறுத்தும் அனெரோபிக் பசைகள் உலோகம் தொட்டால்தான் இறுகும். பிளாஸ்டிக் கிண்ணத்தையும் கார்பன் துளையையும் அவற்றால் ஒட்ட வேண்டுமானால் கூடவே ஆக்டிவேட்டரும் தெளிக்க வேண்டும். திரிபு துளையில் இருந்தால் பசை அதை வட்டமாக்காது.

அறிகுறி: சீட் போஸ்ட் வழுக்கி இறங்குகிறது

பழுது எதுவும் இல்லை. கிரீஸைத் துடைத்துவிட்டு மணல் கலந்த கார்பன் பேஸ்ட் தடவுங்கள். கிளாம்பில் அச்சிட்ட அளவுக்கு மேல் இறுக்காதீர்கள்.

அறிகுறி: டிராப்அவுட், ஹெட் டியூப், அல்லது வெளிநோக்கி ஓடும் விரிசல்

பின்சக்கரப் பக்கம் ஆடினால் முதலில் டிரெய்லர் ஹேங்கரைப் பாருங்கள். அது சிறு திருகில் நிற்கும் தனித் துண்டு, இறுக்கினால் தீர்ந்தது. ஒட்டிய டிராப்அவுட்டே அசைகிறது என்றால் அந்தச் சைக்கிளில் ஏறாதீர்கள். பாட்டில் தாங்கி கழன்றால் பாட்டில் விழும், இது கழன்றால் நீங்கள் விழுவீர்கள். முன்பக்கம் ஹெட் டியூபில் ஒட்டிய கிண்ணத்துக்கும் இதே சட்டம்.

பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோகும் முன் அந்த இடத்தைக் கழுவி, விளிம்பும் விரிசலும் தெரியும்படி வெளிச்சத்தில் படம் எடுத்து, பக்கத்தில் ஒரு அளவுகோலும் இருக்கட்டும். நீங்கள் ஏற்கெனவே பசையோ ஆயிலோ விட்டிருந்தால் எது, எப்போது என்று சொல்லிவிடுங்கள். பழுதுக்குப் பிறகு எந்த அளவுக்கு இறுக்க வேண்டும், எத்தனை நாள் கழித்து ஓட்டலாம் என்பதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.